தேக்சாவுக்கு பெல்ட்

என் பெரிய மச்சான் நூர் முகமது கார் வாங்கிய நாளிலிருந்து கள்ளக்குறிச்சியில் ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை. அவருடைய ஜவுளிக்கடைக்கு ஒரு லுங்கி எடுக்க வந்தவன்கூட அந்தக் காரைப் பற்றிக் கேட்காமல் வெளியே போக முடியாது. "பாய், இது சாயம் போவுமா?" என்று கேட்டால், "சாயத்த வுடுப்பா. சீட்டுக்குள்ளேர்ந்து காத்து வருது தெரியுமா? எம்மாம் தூரம் போய்ட்டு வந்தாலும் முதுகு வேர்க்காது" என்பார்.

ஆறு ஏர்பேக் இருக்கிறதாம். கதவுக்குக் கதவு தண்ணீர் பாட்டில் வைக்கக் குழி இருக்கிறதாம். கூலிங் கிளாஸ் வைக்க உச்சியில் ஒரு குட்டிப் பெட்டி, முன்னால் இருக்கிற பெட்டியில் மோர் வைத்தால் ஜில்லென்று ஆகிவிடுமாம். மலை ஏற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி பின்னால் உருளாமல் தானே பிடித்துக்கொள்ளுமாம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, துணி எடுக்க வந்தவன் முகத்தைப் பார்ப்பார். அவன் 'அடேங்கப்பா' என்று சொல்கிறவரை லுங்கிக்கு விலை சொல்ல மாட்டார்.

நான் மெஹ்ராஜ் பேகம். அவருடைய தம்பி மஜீத்தின் மனைவி. மஜீத் அதே கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறார். கீழ் வீட்டில் அவர்கள், மாடியில் நாங்கள். அடுப்பு ஒன்றுதான். அதில் சமைப்பது நான் மட்டும்தான். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், ஆனால் அண்ணன் முன்னால் அவருக்கு வாய் இருப்பதே மறந்துபோகும்.

போன பக்ரீத் முடிந்ததும் புதுக் காரில் கரியாலூர் நீர்வீழ்ச்சிக்குப் போவது என்று பெரிய மச்சான் முடிவு செய்தார். விடியலிலேயே எழுந்து பிரியாணி செய்து, தேக்சாவின் மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, தம் போட்டு, துணியால் கட்டிக் கொண்டுவந்து டிக்கியில் வைத்தேன். அவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"அங்க வெக்காத! புது கார்பெட்டு. மலையில சாஞ்சி நெய் ஊத்திச்சின்னா வாசனை போவவே போவாது."

தேக்சாவைத் தூக்கிப் பின்சீட்டின் நடுவில் வைத்தார். உடனே கார் டிங், டிங் என்று கத்த ஆரம்பித்தது. எடை உட்கார்ந்ததும் யாரோ ஆள் என்று நினைத்துவிட்டது. பெரிய மச்சானுக்கு ஒரே பூரிப்பு. "பாத்தியா மஜீத், இன்னா அறிவு இதுக்கு!" என்று சொல்லிக்கொண்டே சீட் பெல்ட்டை இழுத்து, தேக்சாவின் காதுகளுக்குள் விட்டு, இறுக்கி மாட்டினார். கார் அமைதியானது. தேக்சாவுக்கு ஒரு பக்கம் என் ஓரகத்தி ஆசியா பீவி, இன்னொரு பக்கம் அவர்கள் மகள் அத்தியா. முன்னால் மச்சானும் என் வீட்டுக்காரரும்.

"நான் எங்க குந்துறது மச்சான்?" என்று கேட்டேன்.

"நீதான் ஒல்லியாச்சே, டிக்கியில குந்திக்கோ. கார்பெட்டு இருக்குது, லைட்டு இருக்குது, ஏசி காத்தும் அங்க வரும். ஒனக்குத்தான் எடம் ஜாஸ்தி."

கார்பெட்டில் நெய் ஊற்றினால்தான் வாசனை போகாது, நான் உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் பெரிய தண்ணீர் கேன், பாய், தட்டுகள். டிக்கி கதவு மேலிருந்து தானாகவே இறங்கி மூடிக்கொண்டது. அதை உள்ளேயிருந்து திறக்க வழி கிடையாது. உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று அந்த அறிவுள்ள கார் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். ஒரு வளைவில் எதிரே மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி வந்தது. பெரிய மச்சான் பிரேக்கை அப்படியே மிதித்தார். முன்னால் இருந்த எல்லாரையும் பெல்ட் பிடித்துக்கொண்டது. நான் பறந்துபோய் சீட்டின் முதுகில் மோதினேன். என் இடது முழங்கையின் மேல் தண்ணீர் கேன் வந்து விழுந்தது. எலும்பு உடைகிற சத்தம் எனக்கே கேட்டது.

மச்சான் இறங்கி ஓடி வந்தார். என்னிடம் வருகிறார் என்றுதான் நினைத்தேன். பின்கதவைத் திறந்து தேக்சாவின் மூடியைத் தடவிப் பார்த்தார். "எம்மாம் பெரிய பிரேக்கு! ஒரு பருக்கை சிந்தல பாத்தியா!" என்று ரோட்டில் நின்று சிரித்தார்.

அன்று என் கையைத் துப்பட்டாவால் கட்டிவிட்டு அவர்கள் நேராக நீர்வீழ்ச்சிக்குத்தான் போனார்கள். ஆறினால் பிரியாணி நன்றாக இருக்காது அல்லவா. "எடது கைதானே, சோத்துக் கை நல்லாத்தானே இருக்குது, சாப்புடு" என்றாள் ஆசியா பீவி. அத்தியாவும் தயிர்ப் பச்சடி ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் சாப்பிடவில்லை. ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் கேட்கவும் இல்லை. சாயங்காலம் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் ஆஸ்பத்திரி. தகடு வைத்து ஸ்குரூ போட்டார்கள். அந்தக் கை இனி முழுசாக நீளாது, முழுசாக மடங்காது. என் தலையை நானே பின்ன முடியாது. மஜீத்தான் பின்னிவிடுகிறார், கோணல்மாணலாக.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தக் கதையைத்தான் பொறுக்க முடியவில்லை. கடையில், தெருவில், கல்யாண வீட்டில், பள்ளிவாசல் வாசலில் என்று பெரிய மச்சான் போகிற இடமெல்லாம் அதையே சொன்னார். லாரி வரும், பிரேக் வரும், பெல்ட் வரும், ஒரு பருக்கை சிந்தாத பிரியாணி வரும். நான் மட்டும் வரமாட்டேன். ஒரு நாள் காபி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

"மச்சான், அந்தக் கதையில என் கை ஒடஞ்சதையும் சொல்லலாமே?"

"அத எதுக்கு சொல்லிக்கினு? கேக்கறவங்களுக்கு சங்கடமா இருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குத்தான் இந்த ஆளை விடக் கூடாது என்று எனக்குள் கறுவிக்கொண்டேன்.

அத்தியாவுக்குத் திருக்கோவிலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் தகப்பன் முகம்மது கவுஸ் மூன்று ஊரில் செருப்புக்கடை வைத்திருப்பவர். பெரிய மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சம்பந்தம் அமைந்தால் ஜமாஅத்தில் தன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இருக்காது என்று நம்பினார். தூக்கத்திலும் கவுஸ் பாய் பெயரைச் சொல்கிறார் என்று ஆசியா பீவி என்னிடம் சலித்துக்கொண்டாள்.

எனக்கும் அந்தச் சம்பந்தத்தின் மேல் ஆசை வந்தது. அது கலைய வேண்டும். என்னால் கலைய வேண்டும், அவர் கண் முன்னாலேயே கலைய வேண்டும். அத்தியா பாவம் என்று சொல்வீர்கள். பாவம்தான். ஆனால் என் கை ஒடிந்து கிடந்த அன்று அவளும் இரண்டாம் தடவை பச்சடி கேட்டவள்.

கவுஸ் பாயும் அவர் மனைவி ஜொஹரா பீவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். பெரிய மச்சான் விடுவாரா? காரில் கரியாலூர் கூட்டிப்போவது, நீர்வீழ்ச்சியில் விருந்து, அங்கேயே நிக்காஹ் தேதி பேசி முடிப்பது என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஆசியா பீவிக்கு முட்டிவலி, அவள் வீட்டில். என் வீட்டுக்காரர் கடையில். அத்தியா வர வேண்டும், மாமியாராகப் போகிறவள் அவளோடு பேசிப் பழக வேண்டும். பரிமாற நான் வர வேண்டும்.

முதல் நாளே அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மெஹ்ராஜ், நீ காலையில மொத பஸ்ல தேக்சாவோட கரியாலூர் போயிடு. நாங்க பின்னாலயே வந்துடறோம்."

ஆக, என்னை டிக்கியில் ஏற்றுவது பார்ப்பவர்களுக்கு அசிங்கம் என்று அவருக்கும் தெரிந்தே இருக்கிறது! "சரிங்க மச்சான்" என்றேன். மறுநாள் வேண்டுமென்றே அரிசியைத் தாமதமாக ஊறவைத்தேன். பஸ் போயே போய்விட்டது.

விருந்தாளிகள் வந்து, டீ குடித்து, தெருவில் காரைச் சுற்றி நின்றிருந்தார்கள். கவுஸ் பாய் முன்சீட்டில் உட்கார்ந்து, "யாரோ முதுகுல ஊதற மாதிரி இருக்குதே!" என்று சிரித்துக்கொண்டிருந்தார். பெரிய மச்சான் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் என் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தேக்சாவோடு வெளியே வந்தேன். அவர் முகம் சுருங்கியது.

"நீ போவலையா இன்னும்?"

"தம் ஆவல மச்சான், பஸ் போயிடிச்சி" என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து தேக்சாவை நடுவில் வைத்தேன். கார் கத்தியது. பெல்ட்டை இழுத்து, அவர் மாட்டியதுபோலவே காதுகளுக்குள் விட்டு மாட்டினேன். பிறகு பின்னால் சுற்றிப் போய் டிக்கி பட்டனை அமுக்கினேன். கதவு மெல்ல மேலே போனது. எதிர்க் கடைக்காரர்கள் பார்க்க, பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறிக் குந்தினேன்.

"இன்னா பண்றே நீ? எறங்கு!" என்று பல்லைக் கடித்தார்.

"என் எடத்துலதானே குந்தியிருக்கேன் மச்சான். போன தடவையும் இங்கதானே வந்தேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஜொஹரா பீவி என்ன ஏது என்று பின்பக்கம் வந்தாள். இந்த அம்மாள் முகம் சுளிக்கும், 'வூட்டு மருமவள டிக்கியிலயா ஏத்துவீங்க?' என்று கேட்கும், என் கையைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் குனிந்து கார்பெட்டைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா தாராளமா இருக்குதே பாய்! எங்க வண்டியில டிக்கி கம்மி. எங்க பெரிய மருமவ கால மடக்கிக்கினு மூட்டையோட மூட்டையாத்தான் வரும். ஆனா ஒரு வார்த்த பேசாது. வூட்டுக்கு அடங்கின பொண்ணுங்கன்னா இப்டித்தான் இருக்கணும்."

பெரிய மச்சானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நம்ம மெஹ்ராஜும் அப்டித்தாங்க" என்று சொல்லி, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். டிக்கி கதவு என் முகத்துக்கு நேராக இறங்கி மூடியது. உள்ளே வெந்து போனேன். அசிங்கப்படுத்தக் கிளம்பியவள் நானே அசிங்கப்பட்டு, நானே ஏறி, நானே மாட்டிக்கொண்டேன். கச்சிராயபாளையம் வரும்வரை அழுகையை அடக்கத்தான் எனக்கு நேரம் சரியாக இருந்தது.

முன்னால் பேச்சு அமர்க்களமாக இருந்தது. ஜில்லென்ற மோர் வந்தது. கவுஸ் பாய் சீட்டைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். அணையைத் தாண்டியதும் அத்தியா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மலை ஏற ஆரம்பித்து அந்த வளைவு வந்தது. வருமென்று எனக்குத் தெரியும். "பாய், இங்கதான்! லாரிக்காரன் நேரா வந்துட்டான்..." என்று பெரிய மச்சான் ஆரம்பித்தார். நான் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார். பெல்ட்டைச் சொன்னார், தேக்சாவைச் சொன்னார், ஒரு பருக்கை சிந்தாததைச் சொன்னார். கவுஸ் பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஜொஹரா பீவியும் சிரித்துவிட்டு, தேக்சாவுக்கு மேலாகக் கையை நீட்டி அத்தியாவின் தொடையில் வைத்தாள். "நீயும் ஒல்லிதான் கண்ணு. நீ வந்துட்டா எங்க பெரிய மருமவளுக்கு தொணையாச்சி. ரெண்டு பேரும் பின்னால பேசிக்கினு வருவீங்க."

க்ளக் என்று ஒரு சத்தம். உடனே கார் டிங், டிங் என்று கத்தத் தொடங்கியது.

"அத்தியா, பெல்ட்டு கழண்டுகிச்சி பாரும்மா" என்றார் பெரிய மச்சான்.

"கழலல அத்தா. நான்தான் கழட்டினேன்."

"மாட்டும்மா, கத்துது பாரு."

"சாச்சிக்கு மாட்டுங்க, நானும் மாட்டிக்கறேன்."

"டிக்கியில ஏதும்மா பெல்ட்டு?"

"அப்ப எனக்கும் வேணாம்."

கார் விடாமல் கத்தியது. வெகு நேரம் கத்திவிட்டு அதுவே ஓய்ந்தது. பெரிய மச்சான் மூச்சு விட்டார். அத்தியா பெல்ட்டை மாட்டினாள், மறுபடி கழற்றினாள். கார் முதலிலிருந்து கத்த ஆரம்பித்தது. ஓய்ந்ததும் மறுபடி மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பச்சடி கேட்ட அந்தப் பெண்ணா இது?

"நிறுத்தச் சொல்லுங்க பாய், தலைய வலிக்குது" என்றார் கவுஸ் பாய்.

ஜொஹரா பீவியின் குரல் மாறியது. "இன்னா இது, பெரியவங்க சொல்லச் சொல்ல இவ்ளோ அடம் புடிக்குது? இப்பவே இப்டின்னா எங்க வூட்டுக்கு வந்து இன்னா பண்ணும்?"

"வர மாட்டேன் மாமி" என்றாள் அத்தியா. "உங்க வண்டியில டிக்கி கம்மின்னீங்களே. ஒருத்தியோட போதும். நான் வரல. அத்தா, வண்டிய நிறுத்துங்க."

கார் ஏற்றத்தில் நின்றது. மச்சான் காலை எடுத்தும் உருளாமல் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. அதைப் பற்றிப் பெருமையடிக்க அன்றைக்கு அவருக்கு வாய் வரவில்லை. அத்தியா இறங்கி ஓரமாகப் போய் நின்றாள். "வண்டிய ஊருக்குத் திருப்புங்க பாய்" என்றார் கவுஸ் பாய், முகத்தைப் பார்க்காமல்.

டிக்கி கதவு மேலே எழும்பியது. பெரிய மச்சான் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சட்டை முதுகெல்லாம் வேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"மெஹ்ராஜ், நீ சொன்னா கேப்பா. வெளையாட்டுக்கு சொன்னேன்னு மாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. அவங்க போயிட்டா நான் ஊர்ல தலகாட்ட முடியாது. ஒன் கால்ல வேணா வுழறேன்."

கீழே இறங்கிப் புடவையை உதறிக்கொண்டேன். அவசரப்படவில்லை.

"மொதல்ல அவங்ககிட்ட அந்தக் கதைய முழுசா சொல்லுங்க மச்சான். நான் எங்க குந்தியிருந்தேன், எனக்கு இன்னா ஆச்சி, நீங்க மொதல்ல எதப் பாத்தீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க."

சொன்னால் நான் என்ன செய்வேன் என்று நான் சொல்லவில்லை. அவராகவே ஏதோ நினைத்துக்கொண்டார். கவுஸ் பாயின் ஜன்னலருகே போய்க் கையைப் பிசைந்துகொண்டு, மென்று விழுங்கிச் சொன்னார். டிக்கியைச் சொன்னார். தண்ணீர் கேனைச் சொன்னார். எலும்பு உடைந்ததைச் சொன்னார். "நான்... நான் மொதல்ல தேக்சாவத்தான் பாத்தேன்" என்றார். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் பிரியாணி சாப்பிட்டதைத் தாண்டிவிடப் பார்த்தார். "அதையும் சொல்லுங்க" என்றேன். அதையும் சொன்னார். கேட்டவர்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஜொஹரா பீவி வேறு பக்கம் பார்த்தாள்.

சொல்லி முடித்து என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "சொல்லிட்டேன். இப்ப நீ அவகிட்ட சொல்லு மெஹ்ராஜ்."

மேலே வளைவில் வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கி வந்தது. நான் அத்தியாவிடம் போய், அவருக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"பஸ் வருது, கைய காட்டு. வூட்டுக்குப் போவலாம்."

பெரிய மச்சான் ஏதோ கத்தினார், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. இருவரும் ஏறி உட்கார்ந்தோம். முதல் வளைவு திரும்பும்வரை அத்தியா அடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நான் பண்ணது சரியா சாச்சி?" என்று கேட்டாள்.

"சரியோ தப்போ எனக்குத் தெரியாதுடி" என்றேன். "எனக்கு வயிறு குளுந்துபோச்சி."